சமோவா முற்றத்தில் எங்கள் அண்ணை

எங்கள் அண்ணை பருத்தித்துறையில், நால்வரில் மூத்தவராகப் பிறந்தார். கடலுக்குப் போன அப்பா திரும்பாதபோது அவருக்கு வயது பதினேழு. படிப்பை விட்டுவிட்டுக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போனார். தங்கைகள் மூவரும் அவர் உழைப்பில்தான் படித்தோம், வாழ்க்கைப்பட்டோம்.

பசிபிக் கடலில் சமோவாத் தீவில் கப்பல் பழுதாகி நின்றபோது, நீராவி பட்டு வெந்த கையோடு அண்ணை அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் பராமரித்த அந்தத் தீவுத் தாதியே பின்னர் எங்கள் மச்சாள் ஆனார். சம்மதம் கேட்டு அண்ணை எழுதிய கடிதத்துக்கு அம்மா பதில் போடவில்லை. எங்களையும் போட விடவில்லை. எட்டு மாதம் காத்திருந்துவிட்டு அவர் மணமுடித்து அங்கேயே தங்கிவிட்டார். பிறகு தொலைபேசியில் மகனோடு கதைத்தாலும், மருமகளைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்டதில்லை.

யுத்தம் முடிந்த பின்னரே இருவரும் முதன்முறையாக ஊர் பார்க்க வந்தனர். மச்சாள் படலையில் நின்றபடி, “மாமி, நான் உள்ளுக்கு வரலாமோ?” என்றார்.

அம்மா படலைவரை வந்தார். “உந்தத் தமிழ் ஆர் சொல்லித் தந்தது?”

“உங்கடை மகன்தான். பிழையெண்டால் அவரைத்தான் ஏசவேணும்.”

அம்மா சிரித்துவிட்டார். “வா, பிள்ளை.”

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அண்ணைக்காக மச்சாளும் மச்ச மாமிசம் தவிர்ப்பார். ஞாயிறுகளில் அண்ணை அவரோடு தேவாலயம் சென்று கடைசி வாங்கில் அமர்ந்திருப்பார். பிணக்குகளும் இருந்தன. மச்சாளின் உறவினர்கள் கேளாமல் வந்து மாதக்கணக்கில் தங்குவதைப் பொறுக்காமல், அண்ணை ஒருமுறை கோபித்துக்கொண்டு துறைமுகத்தில் இரண்டு நாள் இருந்தாராம். அழைத்துவரப் போனவர்களும் அதே உறவினர்கள்தான்.

சென்ற ஆண்டு மாரடைப்பில் அண்ணை காலமானார். அவருடைய அஸ்தியை ஏன் கீரிமலையில் கரைக்கவில்லை என்று பலர் கேட்டீர்கள். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

செய்தி வந்தவுடன், தகனம் செய்து அஸ்தியைக் கொண்டுவரும்படி நான்தான் மச்சாளிடம் கேட்டேன்.

“தங்கச்சி, இஞ்சை எங்கடை ஆக்களை வீட்டு முத்தத்திலதான் புதைக்கிறது. அவரை எரிக்கக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் கட்டாயம் எண்டால்…” என்றவர் அழுதுவிட்டார்.

அருகிலிருந்த அம்மா தொலைபேசியை வாங்கினார். “பிள்ளை, அழாதை. இவ்வளவு காலமும் அவனைப் பாத்தது நீ. உன்ரை பக்கத்திலேயே வைச்சிரு.”

நான் அம்மாவோடு கோபித்தேன். “அண்ணை உங்கடை பிள்ளையெல்லே, அம்மா?” என்றேன்.

“அவளின்ரை மனிசனும்தானே,” என்றார் அம்மா. பெற்றவளே விட்டுக்கொடுத்த பின் நானும் சம்மதித்தேன்.

ஆண்டுத் திவசத்துக்கு மச்சாள் தனியே வந்திருக்கிறார். நேற்றுக் கீரிமலையில் அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறக்கியவர் அவரே.

துயரில் உடனிருந்த அயலவர்க்கும் உறவினர்க்கும் நன்றி கூறுகிறோம். தங்கள் கைகளாலேயே குழி வெட்டி, அண்ணையை வீட்டு நடுவில் கிடத்தி விடியும்வரை பாடிய சமோவா உறவுகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்த நினைவு மலரை அவர்களால் வாசிக்க இயலாது. மச்சாள் எழுத்துக்கூட்டி வாசித்து, அவர்களுடைய மொழியில் சொல்லுவார்.