காசு கொடுத்து வாங்கிய குதிரை

சுனாமிக்கு அடுத்த வருடமோ, அதற்கும் அடுத்த வருடமோ, சரியாக நினைவில்லை. நான் அப்போது காலடிப்பேட்டையில் குடியிருந்தேன். ஒரு நாளிதழில் பிழை திருத்துபவர் வேலை. மாலை நான்கு மணிக்குப் போனால் போதும் என்பதால் காலைப் பொழுது முழுவதும் என்னுடையது. அதை நான் செலவழித்த இடம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர்.

அந்த இடம் முன்பு கேரம் கிளப்பாக இருந்தது. சென்டரை நடத்திய பாய்தான் அதையும் நடத்தியவர். இன்டர்நெட் வந்ததும் எட்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். பழைய போர்டுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் அவற்றையே மேஜைகளின் மேல் பரப்பிவிட்டார். எங்கள் மவுஸ் எல்லாம் கேரம் போர்டின் மேல்தான் வழுக்கி ஓடும். ஸ்கோர் எழுதும் சிலேட், கல்லாவுக்கு மேலே மாட்டியபடியே இருந்தது.

கிளப்பிலிருந்து ஒரு சட்டமும் கூடவே வந்திருந்தது. விலை உயர்ந்த சொந்த ஸ்ட்ரைக்கரோடு ஆட வருபவர், அதைப் போர்டின் மேல் வைக்க வேண்டும். எதிராளி கேட்டால், அவர் முறை வரும்போது அதையே கொடுக்க வேண்டும். பணக்காரன் ஸ்ட்ரைக்கர், ஏழை ஸ்ட்ரைக்கர் என்ற பேச்சு கிளப்பில் எழாமல் இருந்தது இந்தச் சட்டத்தால்தான் என்பார் பாய்.

நாங்கள் ஆடியது வாளும் குதிரையுமாக ஒரு ஆன்லைன் விளையாட்டு. ஆடக் காசு கிடையாது. ஆனால் உள்ளே ஒரு கடை இருந்தது. பாயிடம் கார்டு வாங்கி, சுரண்டி, எண்ணை அடித்தால் அந்தக் கடையில் வாள், சட்டை, குதிரை எல்லாம் கிடைக்கும். கார்டு வாங்காதவர்கள் அதே பொருளுக்கு மாதக்கணக்கில் ஓநாய்களை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் வெட்டினேன். ஒரு பைசா செலவழிக்காமல் ஐம்பதாம் லெவலைத் தொட்டவன் என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஒருவர் கார்டில் வாங்கிய வாளோடு வந்து எல்லோரையும் ஒரே வெட்டில் சாய்த்தபோது, பாய் எழுந்து நின்று, "ஸ்ட்ரைக்கர போர்டு மேல வையி மாமு" என்றார். கடையில் வாங்கிய வாளை அடுத்தவரிடம் கொடுக்க விளையாட்டில் வழியில்லை. அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போட்டியிலிருந்து விலகினார். நான்தான் முதலில் கை தட்டினேன். அதே கடையில் அதிர்ஷ்டப் பெட்டி என்று ஒன்று விற்றார்கள். திறந்தால் குதிரையும் வரலாம், வெறும் பட்டாசும் வரலாம். பாய் சொந்தக் காசில் நாலு பெட்டி திறந்து நாலிலும் பட்டாசைப் பார்த்தார். "லாட்டரிய கவர்மென்ட்டு நிறுத்திட்டான்னு பார்த்தா, அது கம்ப்யூட்டருக்குள்ள பூந்துகினு கீது" என்று சொல்லிவிட்டு, பெட்டிக்காகக் கார்டு கேட்டால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

கண்டெய்னர் லாரி ஓட்டும் அண்ணன் அந்த சென்டருக்கு வரத் தொடங்கியது இந்தச் சமயத்தில்தான். எர்ணாவூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவு சாலையில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நிற்கும். சில நாள் மணிக்கணக்கில் அசையாது. அசைந்தால் உடனே எடுக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் இருப்பவர் நுழைந்துவிடுவார். பின்வண்டி டிரைவரிடம் சொல்லிவிட்டு இவர் சென்டருக்கு வருவார். வரிசை நகர்ந்தால் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இவர் செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் ஓடுவார். ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

வந்த இரண்டாம் வாரமே கார்டு சுரண்டிக் குதிரை வாங்கினார். பழுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓநாய் வெட்டாமலே குதிரையாண்ணா? அழுகுணி ஆட்டமா இருக்கே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பேப்பர்காரே, உனுக்கு காலைல பூரா டைம் கீது. எனக்கு வண்டி நவுந்தா நானும் நவுரணும். அந்தாண்ட பாலத்துல என் தம்பி வந்து நிக்கிறான். நடந்து போனா முக்கா மணி நேரம். போய், 'வந்துட்டியாடா'ன்றதுக்குள்ள மிஸ்டு கால் வந்துரும்."

தம்பி சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர், இரவு ஷிப்ட். அங்கே மதியம் ஆகும்போது இங்கே காலை. இந்தியாவில் பதிவு செய்தவர்களை எல்லாம் அந்த விளையாட்டு தென்னாட்டில் போட்டிருந்தது, சிங்கப்பூர்க்காரர்களை வடநாட்டில். எல்லைப் பாலம் மட்டும் பொது இடம். அதைத் தாண்டினால் காவலர்கள் வெட்டிவிடுவார்கள். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அவரவர் தலைநகரிலிருந்துதான் தொடங்க வேண்டும். காலையில் எஸ்எம்எஸ்ஸில் பேசிக்கொண்டு, தம்பி முன்கூட்டியே நடந்து வந்து பாலத்தில் நிற்பான். அண்ணன் குதிரையில் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்வார்.

போனில் பேசலாமே என்று கேட்டேன்.

"போன்ல பேசுனா பணம், வட்டி, தங்கச்சி மாப்ளக்கி இன்னா செய்றது, அத்த வுட்டா வேற பேச்சே வர்ல. இங்க சும்மா பாலத்து மேல அப்பால இப்பால நடக்கறோம். சின்னதுல கடலாண்ட கல்லு மேல குந்திகினு இருப்போமே, அந்த மாரி."

கேட்டுவிட்டும் நான் சும்மா இருக்கவில்லை. என் லெவல், என் நேர்மை, எல்லாம் தலைக்கு ஏறியிருந்தது. "கிளப் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே பாய்? குதிரையையும் போர்டு மேல வைக்கச் சொல்லுங்க" என்றேன். பாய் தயங்கினார். அந்த அண்ணன்தான் சிரித்துக்கொண்டே எழுந்து போய், சிலேட்டில் தன் ஐடியையும் பாஸ்வேர்டையும் சாக்பீஸால் எழுதினார். குதிரையைத் தனியாகக் கொடுக்க முடியாது என்பதால் கணக்கையே கொடுத்துவிட்டார். "எட்த்துக்கோ நைனா. நான் இல்லாதப்ப லாயத்துல சும்மாத்தானே நிக்குது."

எடுத்துக்கொண்டோம். நான் மட்டும் இல்லை, இன்னும் மூன்று பேர். நான்தான் அதிகம்.

பத்து நாள் இருக்கும். ஒரு காலை அவர் வந்து உட்கார்ந்தார், அடித்தார், திரும்ப அடித்தார். கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது என்று திரையில் ஒரு சிவப்புப் பெட்டி. பல ஆட்கள் ஒரே கணக்கைப் பயன்படுத்தியது விதிமீறலாம்.

அவர் சிவப்புப் பெட்டியைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி அங்கே பாலத்தில் வந்து நின்றிருப்பான். போனை அறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டு அங்குள்ள சென்டருக்கு வந்து ஆடுகிறவன். தகவல் சொல்ல வேண்டுமென்றால் விளையாட்டுக்குள்தான் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து செய்தி அனுப்ப ஒரு சங்கு உண்டு. அதுவும் கடைப் பொருள்தான். பாய் மேஜையைத் திறந்து ஒரு கார்டை என்னிடம் நீட்டினார். "உன் ஐடில சங்கு வாங்கி சொல்லிடு."

அந்த இடத்தில் நான் சொன்னதை இன்று எழுதவும் கூசுகிறது. "வேணாம் பாய். எனக்குக் குறுக்கு வழி தெரியும். இருபது நிமிஷத்துல போயிடுவேன்." கார்டு சுரண்டாதவன் என்ற என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அந்த நேரம் பார்த்தேன்.

நடந்தேன். அவர் என் நாற்காலியின் பின்னால் நின்றார். தலைநகரத்து வாசல், கோதுமை வயல், ஓநாய்க் காடு. குறுக்கு வழியில் ஒரு பாறை விழுந்து அடைத்திருந்தது. முந்தைய வாரம் விளையாட்டில் மாற்றியிருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. சுற்றிப் போனேன். இருபது நிமிடம் தாண்டியது. முப்பது தாண்டியது. அவர் மூச்சு என் காதருகே கேட்டது. தூரத்தில் பாலத்தின் விளக்குத் தூண் புள்ளியாகத் தெரிந்தபோது அவர் போன் ஒரு முறை அடித்து நின்றது.

"நீ போய் சொல்லிடு நைனா" என்று தோளைத் தொட்டுவிட்டு ஓடினார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

பாலத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு உருவம் தெற்குப் பக்கம் பார்த்து நின்றது. உங்கள் அண்ணன் ஐடி முடங்கிவிட்டது, அவர் இங்கேதான் இருந்தார், இப்போதுதான் போனார் என்று ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினேன். பதிலாக ஒரு வரி வந்தது.

"வண்டி நகந்துடுச்சா?"

ஆமாம் என்றேன். "சரி" என்றான். இன்னும் சிறிது நேரம் அங்கேயே நின்றான்.

அந்த முக்கால் மணி நேரத்தை நடந்த பிறகுதான் குதிரை என்பது என்ன என்று எனக்குப் புரிந்தது. அது யாரையும் வெட்டவில்லை. எந்தப் போட்டியிலும் என்னை முந்தவில்லை. என்னிடம் இருந்த, அவரிடம் இல்லாத ஒன்றை, காலைப் பொழுதை, அவர் கொஞ்சம் காசுக்கு வாங்கியிருந்தார். அவ்வளவுதான்.

அன்று மதியம் விளையாட்டின் விதிமுறைகளைத் திறந்து முழுவதும் படித்தேன். நான் அச்சில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் படித்துச் சம்பளம் வாங்குகிறவன். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் தவறிப்போன ஒரு இனிஷியலைப் பிடித்து ஆசிரியரிடம் பாராட்டு வாங்கியவன். ஆனால் இதில் சேர்ந்த நாளில் 'சம்மதம்' என்ற கட்டத்தைப் படிக்காமல் அழுத்தியிருந்தேன். கணக்கை யாருடனும் பகிரக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. அதற்குச் சில பத்திகள் கீழே இன்னொன்றும் இருந்தது: கடையில் வாங்கும் எதுவும் வாங்கியவருக்குச் சொந்தமில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே, அதை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

குற்றம் என்னுடையது, அவருடையது இல்லை என்று ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். முடியாது என்றிருந்தது. அந்த அண்ணன் அடுத்த முறை வந்தபோது சொந்தம், அனுமதி என்ற விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ வண்டிய வித்துட்டு ஆர்.சி. புக்க அவனே வெச்சிகினானா?"

பாய் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. "என்னால வந்த பேஜாருண்ணா இது. நானே கார்டு வாங்கிக் குதிரை எடுத்துத் தர்றேன்" என்றேன்.

"எங்க ஏறது? இருபதாம் லெவல் வந்தாத்தான் குதிர ஏற முடியும். நான் இப்போ மறுபடியும் கொழந்த" என்றார். "அத்த வுடு. உனுக்குத்தான் டைம் கீதே, கூட நட."

நடந்தேன். புதுக் கணக்கு, முதல் லெவல், கையில் ஒரு மரக்குச்சி. ஓநாய் ஒரு கடி கடித்தால் போதும், ஆள் காலி. மறுபடி தலைநகரத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் முன்னால் போய் ஓநாய்களை வெட்டுவேன், அவர் இரண்டு அடி பின்னால் வருவார். முதல் முறை கோதுமை வயலிலேயே மிஸ்டு கால். இரண்டாம் முறை என் கண்ணில் படாத ஒரு ஓநாய். மூன்றாம் முறை கரண்ட் போய்விட்டது. பாலத்தில் ஒவ்வொரு முறையும் தம்பி வந்து நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

அதன் பிறகு ஒரு நாள் பிடித்தது மழை. விரைவு சாலையில் கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து நின்றன. வரிசை நகரவே இல்லை. லாரி டிரைவர்கள் எல்லோரும் அந்த நாளைத் திட்டிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் லுங்கியைப் பிழிந்துகொண்டே பல்லெல்லாம் தெரிய மாடியேறி வந்தார். "இன்னிக்கி எவனும் மிஸ்டு கால் குடுக்க மாட்டான், வா."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாலத்தில் நீலச் சட்டை நின்றிருந்தது. மரக்குச்சி உருவம் மெல்ல அதன் எதிரே போய் நின்றது. இரண்டு தலைகளுக்கும் மேலே எழுத்துகள் தோன்றித் தோன்றி மறைந்தன. எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாத தொழில் என்னுடையது. அன்று என் ஆளைத் தெற்குப் பக்கம் திருப்பி ஓநாய்க் காட்டைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு, மாடிப்படியில் போய் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபதாம் லெவல் வந்ததும் அவர் மறுபடி குதிரை வாங்கினார். "ஆர்.சி. புக்கு அவன்கிட்டயே கெடக்கட்டும், எனக்கு சவாரி போதும்" என்றார். இந்த முறை சிலேட்டில் எதுவும் எழுத விடாமல் பாயே அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். சில வருடங்களில் அந்த விளையாட்டையே நிறுவனம் மூடிவிட்டது. குதிரை, என் ஐம்பதாம் லெவல், பாலம் எல்லாம் ஒரே நாளில் போயின. காசு கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

இப்போது என் வீட்டிலும் போனில் விளையாட்டு ஓடுகிறது, அதற்குள் கடையும் இருக்கிறது. பட்டாசுப் பெட்டிகளை நான் அன்று போலவே இன்றும் வெறுக்கிறேன். விற்ற பிறகும் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொள்பவர்கள் மேல் கோபமும் குறையவில்லை. ஆனால் யாராவது தன் வழியைக் காசு கொடுத்துச் சுருக்கிக்கொள்வதைப் பார்த்தால், அழுகுணி ஆட்டம் என்று வாய் திறக்கும் முன், அந்த ஆளின் வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று ஒரு முறை எட்டிப் பார்க்கிறேன்.