இரண்டு கைகளில் ஒரு பாஸ்போர்ட்

அந்தப் பெண் மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். டோக்கியோவில் உயெனோ ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள தெரு. நாங்கள் அந்த ஊரில் கால் வைத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. சின்ன ஓட்டல் ஒன்றில் பெட்டிகளை வைத்துவிட்டு, பசிக்கு ஏதாவது கிடைக்குமா என்று கிளம்பி நான்கு கடை தாண்டியிருப்போம். பின்னால் யாரோ கூப்பிடுவது கேட்டுத் திரும்பினால், ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண். குடை எடுக்கக்கூட அவளுக்கு நேரம் இருந்திருக்கவில்லை. மூச்சு வாங்க எங்கள் முன்னால் நின்றவள், சட்டைக்குள் பொத்தி வைத்திருந்த ஒன்றை எடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, தலை குனிந்து நீட்டினாள். என் நண்பனின் பாஸ்போர்ட். நகல் எடுப்பதற்காகக் கேட்டிருந்தாள். நான் கொடுத்து, நின்று, திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்து குடையை விரித்தேன். அவன் கொடுத்தான், உடனே என் பின்னால் வந்துவிட்டான். ஏன்டா நிற்கவில்லை என்று கேட்டதற்கு, சாதாரணமாகச் சொன்னான். "குடுத்தாக் குடுத்ததுதானே மச்சான். ஆர் உடன திருப்பித் தரப்போயினம் எண்டு வந்திட்டன்." எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

அவன் யாழ்ப்பாணத்துக்காரன். நான் புதுக்கோட்டைப் பக்கம். கத்தாரில் ராஸ் லஃபானில், பெரிய கம்பெனிக்குக் கீழே வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இருவரும் இருந்தோம். நான் சைட் ஆபீஸில் காகிதங்களைக் கவனிப்பவன், அதனால் 'ஸ்டாஃப்'. அவன் குழாய்களைச் சுற்றிச் சாரம் கட்டுகிறவன், அதனால் 'லேபர்'. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்ல ஒரு நாள் போதாது. ஏசி பஸ், மேசை நாற்காலியோடு சாப்பாடு, ஒரு அறைக்கு எத்தனை கட்டில் என்பதெல்லாம் இருக்கட்டும். ஸ்டாஃபின் பாஸ்போர்ட் ஸ்டாஃபின் பெட்டியில் இருக்கும். லேபரின் பாஸ்போர்ட் எச்.ஆர். அதிகாரியின் மேசை இழுப்பறையில் இருக்கும். அப்படி வைத்திருக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. அதற்குத்தான் ஒரு ஃபாரம் வைத்திருந்தார்கள். 'பாதுகாப்புக் கருதி நானே விரும்பி ஒப்படைக்கிறேன்' என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சடித்த ஃபாரம். வந்து இறங்கிய முதல் நாளே, தூக்கக் கலக்கத்தில், பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நம் ஆட்கள் எவ்வளவு விருப்பத்தோடு ஒப்படைத்தார்கள் என்பதற்கு அந்தக் கோணல்மாணல் கையெழுத்துகளே சாட்சி.

அவனுக்கு ரயில் என்றால் உயிர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ரயிலே ஓடவில்லை. தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பான். அவன் முதல் ரயிலைப் பார்த்தபோது மீசை முளைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கேபின் சுவரில் பம்ப் கம்பெனி கொடுத்த நாட்காட்டி ஒன்று தொங்கியது, மாதத்துக்கு ஒரு ஜப்பான் ரயில். வேலை அனுமதிச் சீட்டு வாங்க வரும்போதெல்லாம் அதன் முன்னால் நின்றுவிடுவான். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போவான். அவன் கட்டிலுக்கு மேலே ஏழு தாள்கள் ஒட்டியாகிவிட்டது தெரிந்த அன்றுதான், "போய்ப் பாத்துட்டே வந்துடலாமா?" என்று கேட்டேன். இந்த முறை லீவில் ஊருக்குப் போகாமல் ஜப்பான் போவது என்று முடிவானது. கேம்ப் முழுக்க இதே பேச்சு. லீவில் போகிறவன் கையில் பார்சல் கொடுத்து அனுப்புவதுதான் அங்கே வழக்கம். தைலம், பால் மாவு, மிக்ஸி, தங்கச்சி புருஷனுக்கு டார்ச் லைட். இவனிடம் எதைக் கொடுப்பது? காலிப் பெட்டியோடு ஒருவன் விமானம் ஏறுவதை அவர்களால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். எச்.ஆர். அதிகாரி வேறு யாரும் இல்லை, நம் தமிழ்நாட்டு ஆள்தான். நெற்றியில் விபூதியோடு, எல்லோரையும் 'என்னப்பா' என்று கூப்பிடுகிறவர். பாஸ்போர்ட் கேட்கும் விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. சாவு, கல்யாணம், வைத்தியம், ஊருக்கு லீவு. நான்கில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். நண்பன் எதையும் டிக் செய்யாமல், ஓரத்தில் 'ரயில் பார்க்க' என்று அழகாகத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தான். அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னப்பா இது? நீ போ, உனக்கென்ன, ஸ்டாஃப். இவன் ஜப்பான் போனா திரும்பி வருவானா? அங்கயே எங்கயாவது பூந்துருவான். அப்புறம் முதலாளிக்கு யார் பதில் சொல்றது?" ஒன்பது வருடம் ஒரு நாள்கூட டியூட்டிக்குத் தவறாதவனை, அவன் முன்னாலேயே, அவனிடம் பேசாமல் என்னிடம் பேசினார். ஓடிப்போகிறவன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நண்பன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். நானும் சும்மாதான் நின்றேன்.

கடைசியில் ஒரு வழி சொன்னார். இன்னொரு லேபர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். நண்பன் திரும்பி வந்து பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்வரை ஜாமீன் போட்டவரின் பாஸ்போர்ட் இழுப்பறையை விட்டு வெளியே வராது. எங்கள் பஸ்ஸை ஓட்டும் திருநெல்வேலி டிரைவர் அண்ணன் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அவருடைய மகளுக்குக் கல்யாணம். நாங்கள் திரும்பி ஐந்தாம் நாள் அவருக்கு விமானம். "அண்ணே, யோசிச்சுப் போடுங்க" என்றேன். "இதுல யோசிக்க என்னலே இருக்கு? பய ரயிலப் பாத்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டார்.

ஜப்பானில் அவனோடு சுற்றிய நாட்களை எழுத உட்கார்ந்தால், ஊர்களைவிட நடைமேடைகள்தான் நினைவுக்கு வருகின்றன. ரயில் வருவதற்கு முன் அவன் நடைமேடை ஓரத்தில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் விறைப்பாக நிற்பான். வந்ததும் முகம் மலர்ந்துவிடும். புல்லட் ரயிலில் ஜன்னலோர இருக்கையை எனக்கு ஒரு முறைகூடத் தரவில்லை. சாயங்காலம் கடையில் வாங்கிய சோற்றுருண்டையைப் பிரித்து, கத்தாரிலிருந்து அவன் பாட்டிலில் கொண்டு வந்த மாசிக் கருவாட்டுச் சம்பலைத் தொட்டுத் தின்போம். ஒரு கடையில் கல்லாவில் நின்றவன் நேபாளி. நண்பன் அவனிடம் கத்தார் இந்தியில் பேச்சுக் கொடுத்தான். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்கவில்லை. முதல் கேள்வியே உன் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்பதுதான். "என் ரூமில் இருக்கிறது பாய், ஏன்?" என்று நேபாளி விழித்தான். அந்தக் கேள்வியின் அர்த்தம் அங்கே கடைக்குள் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். முதல் நாள் ஓட்டலில் நடந்ததற்குப் பிறகு, அன்றிரவே, "நீ எங்கயாவது மறந்துட்டு வந்துருவ, நானே ரெண்டையும் பத்திரமா வச்சுக்கிறேன்" என்று அவன் பாஸ்போர்ட்டை வாங்கி என் இடுப்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். கேட்டதும் அவன் எடுத்து நீட்டினான். எட்டாம் நாள், கனசாவா என்ற ஊரில், காலையில் எழுந்தால் அவன் படுக்கை காலி. என் பை திறந்து கிடந்தது. என்னுடையது இருந்தது, அவனுடையது இல்லை. போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அப்போது எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அதிகாரியின் குரல்தான் ஓடியது. பூந்துட்டான். அங்கயே எங்கயோ பூந்துட்டான். டிரைவர் அண்ணன் மகள் கல்யாணம் போச்சு. அவன் பெட்டியைத் திறந்து துணி எல்லாம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். மனிதன் செய்கிற காரியமா அது?

ரயில் நிலையத்தில்தான் இருந்தான். நடைமேடையின் கடைசி பெஞ்சில், பாஸ்போர்ட்டை மடியில் விரித்து வைத்து, விசா ஒட்டியிருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய்க் கத்தினேன். சொல்லாமல் ஏன் எடுத்தாய், நான் என்ன நினைப்பேன், போனை எதற்கு வைத்திருக்கிறாய் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். முடியும்வரை கேட்டான். "இது என்ர கையில கிடக்கேக்க கொஞ்சத் தூரம் தனிய நடந்து பாக்கோணும் போல கிடந்தது. அவ்வளவுதான்" என்றான். பிறகு எழுந்து அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டான். "என்ர பாஸ்போட்டை எடுக்கிறதுக்கு உன்னட்டையும் ஃபோர்ம் நிரப்போணுமோ, மச்சான்?" அதிகாரி மீது எவ்வளவு ஆத்திரம் இருந்ததோ அவ்வளவும் அந்த நிமிடம் என் மீதே திரும்பியது. அவராவது முதலாளிக்குப் பயந்து செய்தார். நான் நட்பு என்று சொல்லிக்கொண்டு செய்தேன். மீதி நாட்கள் முழுக்கப் பாஸ்போர்ட் அவனிடம்தான் இருந்தது. அது தொலையவும் இல்லை, அவன் எங்கேயும் போய்விடவும் இல்லை.

திரும்பி வந்த மறுநாள் காலையில் மூவருமாக எச்.ஆர். அறைக்குப் போனோம். அதிகாரி போனைப் பார்த்தபடியே கையை நீட்டினார். நண்பன் கொடுக்கவில்லை. "முதல்ல அண்ணன்ர பாஸ்போட்டை வெளியில எடுங்கோ" என்றான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. அதிகாரி முகம் சுளித்து, இழுப்பறையைக் கிளறி, ரப்பர் பேண்ட் போட்ட கட்டிலிருந்து ஒன்றை உருவி மேசையில் போட்டார். டிரைவர் அண்ணன் அதை எடுத்துத் திறந்து தன் படத்தைப் பார்த்தார். "மீசை என்ன கருப்பா இருக்கு பாருலே" என்று என்னிடம் காட்டினார். அது அவர் சட்டைப்பைக்குள் போன பிறகுதான் நண்பன் தன்னுடையதை எடுத்தான். இரண்டு கைகளாலும் பிடித்து, தலையைக் கொஞ்சம் குனிந்து நீட்டினான். உயெனோவில் அந்தப் பெண் நீட்டிய அதே மாதிரி. கேலி செய்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன், கேலி இல்லை. அதிகாரி இரண்டு விரலால் வாங்கி இழுப்பறைக்குள் எறிந்துவிட்டு, 'நானே விரும்பி' ஃபாரத்தை அவன் பக்கம் தள்ளினார். என் பாஸ்போர்ட் என் சட்டைப்பையில் இருந்தது. அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

டிரைவர் அண்ணன் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இரண்டு வருடமாக நான் துபாயில் வேறு வேலையில் இருக்கிறேன், பர் துபாயில் அறை. நண்பன் இன்னும் ராஸ் லஃபானில்தான் சாரம் கட்டுகிறான். போன வாரம் பேசியபோது, இந்த வருட நாட்காட்டியில் ரயில் இல்லை, வெறும் பூக்கள்தான் என்று குறைப்பட்டுக்கொண்டான். பாஸ்போர்ட்டை மறுபடி கேட்டுப் பார்த்தாயா என்றேன். கேட்டானாம். காரணம் என்ன என்றார்களாம். அந்த ஓட்டல் பெண்ணுக்கு அவன் யாரென்றே தெரியாது. கொடுத்தவன் கைக்கே அது திரும்பப் போக வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது, அதற்காகக் கொட்டும் மழையில் நான்கு கடைத் தூரம் ஓடி வந்தாள். அந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம். இழுப்பறை கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.