பாஸ்வேர்டு கேட்காத காலை

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லா வேலைக்கும் நான் ஒருவன்தான். மேனாம்பேட்டில் வாடகை வீடு. ஒன்பது மணிக்குப் போனால் போதும். ஆபீஸில் எல்லாருக்கும் முன்னால் வருகிறவர் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த அக்கா. கோவில்பதாகையிலிருந்து பஸ் பிடித்து ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்.

அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடும் சின்ன புரோகிராம். எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி, அன்றைக்கு என்னென்ன பாகம் வேண்டும் என்பதை விடிகாலையில் தன் இணையதளத்தில் போடும். அதை இறக்கி, காலை ஷிஃப்ட் தொடங்குமுன் கீழ்த்தளத்து பிரிண்டரில் அச்சடித்துக் கொடுக்கவேண்டும். மற்றதெல்லாம் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். ஆனால் தொடங்கியதும் கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும். லாகின் அக்காவின் பேரில் இருந்ததால், அந்த ஒன்றைத் தட்டுவதற்கு அவர் தினமும் வரவேண்டியிருந்தது.

ஒருநாள் சர்வர் பழுதாகி நானும் சீக்கிரம் போனேன். ஒரே ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு அக்கா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டார். வீட்டில் சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடிவருகிறாரே, அதுவும் நான் வேலையை அரைகுறையாக விட்டதால், என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்றே மேனேஜரிடம் பேசினேன். பாஸ்வேர்டைத் தனி ஃபைலில் வைத்து, ஸ்கிரிப்ட்டைத் தவிர வேறு யாரும் திறக்கமுடியாதபடி பூட்டிவிட்டால், அது யாரையும் கேட்காமல் தானே எடுத்துக்கொள்ளும் என்றேன். வாங்கும் கம்பெனியும் சம்மதித்தது. ஃபைலில் பாஸ்வேர்டைத் தட்டச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டேன். நான் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவர் தட்டி முடிக்க வெகுநேரமானது.

“இனிமே நான் வர வேணாமா சார்?”

“ஒன்பதுக்கு வந்தா போதும்க்கா. நிம்மதியா தூங்குங்க.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு நல்ல காரியம் செய்த பெருமை.

அதன்பிறகு அவர் தாமதமாகவே வந்தார். ஈரத்தலையைச் சரியாகத் துவட்டக்கூட இல்லாமல், மூச்சு வாங்க வந்து உட்காருவார். இன்வாய்ஸில் தப்புகள் விழ ஆரம்பித்தன. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்ட அன்று, கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்து என்னவென்று கேட்டேன்.

தயங்கித்தான் சொன்னார். மாமனார் பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். அக்கா இருட்டோடு கிளம்பிவிடுவதால், அவரைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் கணவரும் கொழுந்தனாரும் செய்துவந்தார்கள். ஆபீஸ் ஒன்பதுக்கு என்று தெரிந்ததும் அந்த வேலை முழுக்க இவர் தலையில் வந்துவிட்டது. கூடவே எல்லாருக்கும் காலைச் சமையல்.

“ஊட்ல குந்தி சாப்பிட முடியாது சார். இங்கதான் கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஓடிகினு இருக்கும், நான் சாப்ட்டுகினு கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். யாரும் கூப்பிட மாட்டாங்க.”

சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீங்க எனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சிகினு இருந்தீங்க. அதை எப்பிடி வாணாம்ன்றது?”

ஃபைலை எடுத்துவிடுகிறேன், பாதுகாப்புக்காக மறுபடி கையால்தான் தட்டவேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் யோசித்தார்.

“வாணாம் சார். பொய் சொல்ட்டு வந்து குந்துனா இட்லி எறங்காது.”

அடுத்த மாதம் அவரே மேனேஜரிடம் பேசி ஸ்டோர்ஸில் காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார். இப்போது பழையபடி இருட்டோடு கிளம்புகிறார். மாமனாரை மறுபடி மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த மட்டில் தேவலை. ஆனால் ஸ்டோர்ஸில் விடிந்ததுமே லாரிகள் வந்துவிடும். சரக்கு இறக்குகிறவர்களின் சத்தத்துக்கு நடுவே நின்றபடி எதையோ மென்றுகொண்டு அவர் பெட்டிகளைச் சரிபார்ப்பதை இரண்டொரு தடவை பார்த்தேன். என்னைக் கண்டால் எப்போதும்போல் சிரிப்பார். எனக்குத்தான் அங்கே நிற்கமுடிவதில்லை.

போன வாரம் மேனேஜரிடம் போய், ஸ்டோர்ஸ் மூலையில் ஒரு தடுப்பு வைத்து, மேஜை நாற்காலி போட்டுக்கொடுக்கலாமே என்று ஆரம்பித்தேன்.

“அவங்க கேட்டாங்களா?” என்றார்.

இல்லை என்றேன். அப்புறம் என்ன என்பதுபோலப் பார்த்துவிட்டு அவர் போனை எடுத்தார். வெளியே வந்து மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. இந்தத் தடவையும் நான் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.