பஸ்ஸில் திறந்த ரிப்போர்ட்

மார்பில் இருந்த கட்டியில் ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுத்து, பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார் பெரம்பலூர் டாக்டர். அந்த வாரம் முழுக்க உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். இல்லாவிட்டால் போனில் புற்றுநோயைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி இப்புடி அலையுற, செத்த உக்காரு" என்பார் என் ஓரகத்தி கலா அக்கா. உட்கார்ந்தால் கை தானாகக் கட்டியைத் தடவப் போகும்.

டாக்டரைப் பார்க்க அக்காவும் கூட வந்தார். பஸ் அரியலூரைத் தாண்டியதும் போனில் ரிப்போர்ட் வந்தது. பொறுக்க முடியாமல் திறந்தேன். நீளமான ஆங்கிலத்தில் ‘மாலிக்னன்சி’ என்ற சொல் கண்ணில் பட்டது. அதற்குப் புற்றுநோய் என்று அர்த்தம் எனப் போனில் படித்திருந்தேன்.

"அக்கா, அதேதான். எம் பொண்ண நீங்க பாத்துக்கங்க" என்றேன்.

"டாக்டரு சொல்றவரைக்கும் எதுவும் பேசாத" என்று போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பெரம்பலூரில் அக்கா போனை எடுத்து நீட்ட, டாக்டர் அந்த வரியில் விரல் வைத்தார். "இதுக்கு முன்னாடி ‘நோ’ன்னு இருக்கு பாருங்கம்மா. புத்துநோய் இல்ல, சாதாரண நார்க்கட்டி. ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் பண்ணிப் பாப்போம்."

நான் அழவில்லை, அக்காதான் அழுதார். பஸ்ஸில் நான் சொன்னதை அவரும் நம்பியிருக்கிறார்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட்டை டாக்டர் அறையில்தான் திறக்கிறேன். காத்திருக்கும் நாட்களில் போனில் எதுவும் தேடுவதில்லை. மனசு நிலைகொள்ளாவிட்டால் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு முந்திரித் தோப்பு வரை நடந்துவிட்டு வருகிறேன்.