கையில் கொடுக்கக் கூடாதது

உருளும் சில்லுச் சப்பாத்துப் போட்ட மடையர்களில் முதலிடம் எனக்குத்தான் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு வேறு யாரும் சொல்லி நான் வருத்தப்படத் தேவையில்லை. ஹொக்கி விளையாடப் போன முதல் வியாழக்கிழமை, நெஞ்சுக்கு நேரே பறந்து வந்த கறுப்பு றப்பர் வட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தேன். பிடித்ததோடு நின்றிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் விக்கெட் காப்பாளனாக இருந்தவனின் கை நிற்குமா? எதிர்ப்பக்கக் கோலை நோக்கி ஒரே எறி. வட்டு வலைக்குள் போனது. இரண்டு கையையும் மேலே தூக்கி "அவுட்" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் சில்லு உருண்டது. நிறுத்தத் தெரியாமல், மதிலோரம் காயப்போட்டிருந்த பங்குச் சுவாமியாரின் படுக்கை விரிப்புக்குள் போய்ச் சுருண்டுகொண்டேன்.

இது இத்தாலியின் பலெர்மோவில், தொண்ணூறுகளின் நடுவில். அந்த ஊரில் ஐஸ் என்றால் பல்லரோச் சந்தையில் மீனுக்குக் கீழே கிடப்பதுதான். அங்கே ஐஸ் ஹொக்கியைக் கொண்டுவந்தவர் என் சினியோராவின் மருமகன். சினியோரா என்றால் நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா. மருமகன் வடக்கே பனிமலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எஞ்சினியர். சீசா என்ற பகுதியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருந்த சிமெந்துத் தளத்தில் சோக்கால் கோடு கிழித்தார். ஐஸுக்குப் பதில் சில்லு, மற்றதெல்லாம் ஐஸ் ஹொக்கிச் சட்டம் அப்படியே என்று அறிவித்தார். பிறகு ஆள் தேடினார். மாமியார் வீட்டில் நிலம் துடைத்துக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன். என் வழியாக என் மச்சானும், அவன் வழியாக இன்னும் எட்டுத் தமிழரும் அகப்பட்டார்கள்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. அது அந்த ஊர் வழக்கம். எனக்கு ஞாயிறும் உண்டு. என் மனைவியின் தம்பியான மச்சானுக்கு அது இல்லை. அவன் ஒரு கிழவரோடு அவர் வீட்டிலேயே தங்கி வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழவரின் பிள்ளைகள் சாப்பிட வருவார்கள், பரிமாற அவன் வேண்டும். கிழவருக்குக் காது கேளாது, மச்சானுக்கு இத்தாலியன் வராது. ஆகவே இருவரும் நல்ல ஒற்றுமை. கிழமை முழுக்க வாய்க்குள் பூட்டி வைத்த தமிழை அவன் வியாழன் பின்னேரம் அந்தத் தளத்தில்தான் அவிழ்த்துவிடுவான்.

"அத்தான், இஞ்சை தாங்கோ. அத்தான், பின்னாலை பாருங்கோ. அத்தான், விழப்போறியள்."

நான் விழுந்த பிறகு, "சொன்னனான்தானே."

அவன் எங்கள் வீட்டுக்கு வந்தும் கதைக்கலாம்தான். ஆனால் அங்கே ஒரு அறை, அக்கா, அத்தான், நாலு சுவர். தளத்தில் பத்துத் தமிழர், மேலே வானம். மற்றவர்களுக்கு வியாழன் ஒரு விளையாட்டு. அவனுக்கு அது மூச்சு.

விரிப்பிலிருந்து என்னை அவிழ்த்தெடுத்த எஞ்சினியர் கைச் சட்டத்தை விளக்கினார். பறந்து வரும் வட்டை விரித்த கையால் தடுக்கலாம். பிடித்தால் உடனே கீழே விட வேண்டும். கையால் கோல் போட முடியாது. வேண்டுமென்றே கையால் தட்டி உன் ஆளிடம் அனுப்பினால் விசில். தற்செயலாகப் பட்டு அவனிடம் போனால் குற்றமில்லை. ஆனால் உன் கோலுக்கு முன்னால் இருக்கும் உன் கோட்டுக்குள் நீயும் உன் ஆளும் நின்றால், கையால் தாராளமாகக் கொடுக்கலாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே கை, அதே வட்டு. ஒரு சோக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நியாயம், அந்தப் பக்கம் குற்றமா? எங்களோடு ஆடிய மொரீசியஸ்காரர் ஒருவர் உதைபந்தில் வளர்ந்தவர். கையில் பட்டால் பாவம் என்று பயந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார், மட்டையும் அங்கேயே இருக்கும். என்னைவிட அவர் உத்தமம்.

சட்டம் எனக்குப் புரிந்தது சினியோராவின் சாப்பாட்டு மேசையில். ஒரு வியாழன் மத்தியானம் அவர் உப்புக் கேட்டார். ஏதோ நினைவில் நான் அதைக் கைக்கே நீட்டினேன். தேளை நீட்டியதுபோல் அவர் கையை இழுத்துக்கொண்டு மேசையைத் தட்டிக் காட்டினார். வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீடுகளிலும் அதுதானே வழக்கம்: உப்பைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். அது எங்கள் பக்கத்து நம்பிக்கை மட்டும் என்று நினைத்துக்கொண்டு நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் மச்சானிடம் சொன்னேன். "அதை வட்டெண்டு நினையாதை. உப்பெண்டு நினை. கீழை வை, எடுக்கிறவன் எடுக்கட்டும்."

"அப்ப எங்கடை கோட்டுக்குள்ளை மட்டும் ஏன் கையாலை குடுக்கலாம்?"

"அது குசினி. குசினிக்குள்ளை ஆர் பாக்கினம்?"

"அக்கா பார்ப்பா."

பகிடிக்குச் சொன்னாலும் அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். கீழே வைத்ததை எவரும் எடுக்கலாம். கையில் கொடுத்தது ஒருவருக்குத்தான். நெருக்கடியில் தன் வாசலைக் காத்து நிற்பவன் தன் ஆளிடம் கை நீட்டினால் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. வெல்லப் போகும் இடத்தில் பொறுப்பதில்லை. எங்களில் பாதிப் பேர் அந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்ததே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறித்தான். அதை எந்த எஞ்சினியரும் விசில் ஊதி நிறுத்தவில்லை.

அந்த வருடங்களில் பலெர்மோ இளைஞர்களின் கால்களிலெல்லாம் சில்லு முளைத்திருந்தது. கோயில் இளைஞர்களும் தளம் தங்களுக்கு வியாழன் பின்னேரம் வேண்டும் என்றார்கள். படுக்கை விரிப்பை இன்னும் மறக்காத சுவாமியார் தீர்ப்புச் சொன்னார்: ஒரே ஒரு ஆட்டம், வெல்பவர்களுக்கு வியாழன். நடுவர் எஞ்சினியர்தான். அவரை இரண்டு பக்கமும் நம்பியது.

ஆட்டம் முடியும் தறுவாயில் பக்கத்துக்கு இரண்டு கோல். நான் எதிராளிகளின் கோட்டுக்குள் நின்றேன். யாருடைய மட்டையிலோ பட்டுத் தெறித்த வட்டு என் தோள் உயரத்துக்கு வந்தது. விரித்த உள்ளங்கையால் தட்டினேன். அது மச்சானின் மட்டைக்கு முன்னால் போய் விழுந்தது. அவன் அடித்தான். கோல்.

கை, கை என்று இளைஞர்கள் கூச்சலிட்டார்கள். எஞ்சினியர் விசிலை வாயில் வைத்தபடி, ஊதாமல், என்னிடம் உருண்டு வந்தார். என் முதுகு மறைத்ததால் தனக்குத் தெரியவில்லை என்றார்.

"தடுத்தாயா, கொடுத்தாயா?"

மச்சான் பின்னாலிருந்து மெதுவாகத் தமிழில் சொன்னான். "பட்டதெண்டு சொல்லுங்கோ, அத்தான்."

பட்டதென்பதும் பாதி உண்மைதான். ஆனால் தட்டுவதற்கு முன் கடைக்கண்ணால் மச்சானைப் பார்த்திருந்தேன். அந்தப் பார்வையை என்னைத் தவிர ஒருவரும் காணவில்லை. கிழமைக்கு இரண்டு தரமாவது பஸ் பிந்திவிட்டதென்று சினியோராவுக்குப் பொய் சொல்பவன் நான். ஒரு றப்பர் வட்டுக்காக எனக்கு எங்கிருந்து உண்மை வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான். நான் பகிடிக்காரன், என் வாயிலிருந்து வருவதில் பாதியைத்தான் எவரும் நம்புவார்கள். அன்றைக்கு ஒரு மனிதர் நான் சொல்வதை முழுதாக அப்படியே ஏற்றுக்கொள்ளக் காத்து நின்றார். அந்த மரியாதை எனக்குப் பழக்கமில்லை. தடுமாறிவிட்டேன்.

"கொடுத்தேன்" என்றேன்.

கோல் போயிற்று. அடுத்த சில நிமிடங்களில் அவர்கள் ஒன்று போட்டார்கள், வியாழனும் போயிற்று. மச்சான் சப்பாத்தைக் கழற்றி, நாடா இரண்டையும் ஒன்றாக முடிந்து தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தான். 

நடந்ததை மனைவியிடம் சொன்னபோது அவள் உள்ளி உரிப்பதை நிறுத்தவில்லை. "பஸ்ஸுக்குச் சொல்லுற பொய்யளிலை ஒண்டை அங்கை எடுத்துவிட்டிருக்கலாம்," என்றாள்.

அடுத்த வியாழன் பின்னேரம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். போக வேறு இடமில்லை. மனைவி பல்லரோவில் வாங்கிய சாளை மீனைக் குழம்பு வைத்திருந்தாள். மூவரும் குசினி மேசையில் இருந்தோம். நான் கிழவரின் காதைப் பற்றிக் கதைத்தேன். சுவாமியாரின் விரிப்பைப் பற்றிக் கதைத்தேன். நான் விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தான். ஒரு வாய் வைத்தான். பிறகு அவன் கண் மேசையில் எதையோ தேடியது.

உப்புப் போத்தல் என் பக்கத்தில் இருந்தது. அவனுக்கு என்னிடம் ஏதோ தேவைப்பட்டதே போதும் என்ற சந்தோஷத்தில் அதை எடுத்து நீட்டினேன்.

"இது எங்கடை கோட்டுக்குள்ளை, மச்சான். இஞ்சை கையாலை குடுக்கலாம்."

அவன் இடது கை மடியிலிருந்து எழும்பவில்லை. போத்தலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உப்பு, அத்தான். கீழை வையுங்கோ."