இருபது சதவீதத்துக்குக் கீழே ஒரு காது

பெருமாநல்லூரிலிருந்து குன்னத்தூர் போகிற ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனி. அதன் கேட்டில் ஒரு டிரெய்னி செக்யூரிட்டி இருந்தார். பெயர் ஜெயபாண்டி, வயது நாற்பத்தாறு. பீரங்கிப் படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பனிமலையில் நின்றிருக்கிறார், பாலைவனத்திலும் நின்றிருக்கிறார். ஆனால் பனியன் கம்பெனி கேட்டில் நிற்பது வேறு வித்தை அல்லவா, அதனால் மூன்று வருஷமாகப் பயிற்சியிலேயே இருந்தார். பயிற்சி எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. முடிந்துவிட்டால் மாதம் மூவாயிரம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் முதலாளி சுப்பையனுக்குத் தெரியும்.

அதே கேட்டின் இன்னொரு ஷிப்ட் பொன்னுச்சாமியுடையது. இதற்கு முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் செருப்புக்கு டோக்கன் போட்டுக்கொண்டிருந்தவர். நல்ல மனுஷர். அவர் 'சீனியர் செக்யூரிட்டி', சம்பளம் பதினேழாயிரம். டிரெய்னிக்குப் பதினாலாயிரம். வெளியே போகும் வேனை எப்படிச் சோதிப்பது, டிரைவர் முகத்தைப் பார்த்தே சரக்கு கூடுதலாக ஏறியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் சீனியருக்குச் சொல்லிக் கொடுத்தது டிரெய்னிதான்.

"எனக்கே கூச்சமா இருக்குதுங்க, மிலிட்டரி" என்பார் பொன்னுச்சாமி, சம்பளம் ஏறிய மெசேஜ் வரும் ஏழாம் தேதிகளில். எட்டாம் தேதி கூச்சம் போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி நியாயத்தை விளக்கிவிட்டார். சுப்பையன் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து ஏக்கர் தோட்டத்தை வைத்திருந்து, அதை விற்காமலேயே கம்பெனி கட்டியவர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. சம்பளத்தைக் குறைக்கும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் குறைப்பார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். உங்களுக்குத்தானுங்க கவர்மெண்டு மாசமாசம் பென்ஷன் குடுக்குதே. பாவம், பொன்னுச்சாமிக்கு யாருங்க குடுக்குறாங்க?"

எல்லையைக் காத்ததற்கு நாடு கொடுக்கிற பென்ஷனில் பெருமாநல்லூர் கேட்டைக் காப்பதற்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். அப்படிப் பார்த்தால், ராணுவ வீரர் சிந்திய வியர்வைக்கு அரசாங்கம் மாதாமாதம் மூவாயிரம் ரூபாயைச் சுப்பையனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பதிலாக மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆகஸ்டு பதினைந்துக்கு ஒரு சால்வை, ஜனவரி இருபத்தாறுக்கு ஒரு சால்வை. ஆக மூன்று வருஷத்தில் ஆறு. அவர் மனைவி வேல்விழி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். ஒரு சால்வையைக் கிரைண்டருக்கு உறையாகத் தைத்துவிட்டாள். இரண்டு சால்வைகள் கூரை ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்துக்கு அடியில் கிடந்தன. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வருகிற நாளில் மெடல்களைக் குத்திக்கொண்டு சல்யூட் அடிக்கச் சொல்வார்கள். போன வருஷம் வந்த ஆர்டரில் ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணியில், ஆறு மாதக் குழந்தைகள் போட்டுக்கொண்டு தவழ உடுப்பு தைத்தார்கள். சாம்பிளை அவர் பக்கத்தில் பிடித்து பையர் போட்டோ எடுத்துக்கொண்டார். ராணுவக் கேண்டீன் கோட்டா பாட்டிலை நினைத்து அவரை மரியாதையாக விசாரிப்பவர்கள் தனி. தேச நன்றி என்பது மாதக் கடைசியில்தான் ஊருக்குப் பொங்கும்.

ஒழுகும் கூரை என்று சொன்னேன் அல்லவா. அவர்கள் குடியிருந்தது வரிசையாகக் கட்டிய லைன் வீடு. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். இரண்டு தெரு தள்ளி ஒரு கான்கிரீட் வீடு காலியாக இருந்தது. வாடகை மூவாயிரம் அதிகம். ஆகஸ்டு மாதம் வரைக்கும் பொறுப்பதாக வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். அந்த மூவாயிரத்துக்காகத்தான் ஜெயபாண்டி தீபாவளிக்குத் தீபாவளி முதலாளி முன்னால் போய் நின்றார்.

"பார்த்துப் பண்ணிக்கலாமுங்க" என்பார் முதலாளி. மூன்று தீபாவளி பார்த்தாயிற்று.

பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு காகிதம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் கேட் ரூம் மேஜை டிராயரில் இருந்தன. வீடு ஒழுகும், கேட் ரூம் ஒழுகாது.

அந்த மெடிக்கல் போர்டு காகிதத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பீரங்கிக்கு இடது பக்கம் நின்று நின்று ஜெயபாண்டிக்கு இடது காது போய்விட்டது. ஓய்வு பெறும்போது போர்டு முன் நிறுத்தினார்கள். இரண்டு நட்சத்திரம் வைத்த டாக்டர் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "நான் பேசுவது கேட்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக அதிகாரி எதைக் கேட்டாலும் ஜெயபாண்டிக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"எஸ் சார்!"

அதுவும் விறைப்பாக நின்று, கூரை அதிரச் சொன்னார். டாக்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். குறைபாடு பதினைந்து சதவீதம், பணியால் ஏற்பட்டதல்ல, அன்றாட உரையாடலை நன்றாகக் கேட்டுப் புரிந்துகொள்கிறார். இருபது சதவீதம் இருந்தால்தான் ஊனத்துக்கு என்று தனியாகப் பணம் வரும். ஐந்து சதவீதத்தை அந்த 'எஸ் சார்' தின்றுவிட்டது. பீரங்கி வெடித்தது பணியால் அல்ல என்றால் வேறு எதனால் என்று கேட்டு இரண்டு மனு போட்டார். பதில் வந்தது. மனுவைப் படித்தோம் என்று.

"நீங்க ஒரு தடவை 'ஆங்?'ன்னு கேட்டிருந்தா இன்னைக்கி மாடி வீட்டுல இருந்திருப்போம்" என்று வேல்விழி அவ்வப்போது சொல்வாள். வலது காதுப் பக்கம் வந்து நின்றுதான் சொல்வாள். கேட்காமல் போய்விடக் கூடாதே.

ஜூலையில் ஆடிட் வந்தது. வெளிநாட்டு பிராண்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை ஆள் அனுப்பி, தொழிலாளிகள் நியாயமாக நடத்தப்படுகிறார்களா என்று விசாரிப்பார்கள். நியாயம் ஒரு வாரம் முன்பே கம்பெனிக்கு வந்துவிடும். கழிவறையில் சோப்பு முளைக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் முதல் முறையாகப் பஞ்சு வரும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கம்ப்ளையன்ஸ் மேனேஜர் அருண்குமார் லைன் லைனாகப் பாடம் எடுப்பார். கேட் ரூமுக்கும் வந்தார்.

"சார், உங்க சேலரி ஸ்லிப்புல டிரெய்னின்னு இருக்கு. ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளம் ஏன்னு அந்த மேடம் பிடிச்சுக்குவாங்க. இன்னும் டிரெய்னிங்ல இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க."

"நானா?"

"நீங்க சொன்னாத்தான் சார் நம்புவாங்க. மிலிட்டரிக்காரரு பொய் சொல்ல மாட்டாருன்னு ஊருக்கே தெரியுமே!"

பொய்யே சொல்லாமல் நாற்பத்தாறு வருஷம் சேர்த்து வைத்த பெயருக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று ஜெயபாண்டி எதிர்பார்க்கவில்லை. பின்னாலேயே முதலாளியும் வந்து, "ஆடிட்டு நல்லபடியா முடியட்டுங்க சார், தீவாளிக்குப் பார்த்துப் பண்ணிக்கலாமுங்க" என்று நான்காவது தீபாவளியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டில் வேல்விழியிடம் சொன்னார். அவள் டிபன் பாக்ஸ் மூடியை மெதுவாக வைத்தாள்.

"டிரெய்னிங்குன்னு சொல்லப் போறீகளா? அப்ப நானும் உங்களக் கட்டி இருபது வருசமா டிரெய்னிங்லதான் இருக்கேன். எனக்கும் ஒரு சால்வை போடச் சொல்லுங்க."

"இல்லைன்னு சொன்னா வேலை போயிரும் வேலு. ஒழுகுற வீட்டுக்கே வாடகை குடுக்க முடியாது."

"போயிரும்தான்" என்றாள். பிறகு டிபன் பாக்ஸை மூடி அழுத்தினாள். எழுந்திருக்கும்போது, "என்னமும் சொல்லுங்க. ஆனா கேட்ட உடனே 'எஸ் மேடம்'னு மட்டும் சொல்லிராதீக" என்றாள்.

ஆடிட்டர் தேஜஸ்ரீ முப்பது வயதுப் பெண். பெங்களூரிலிருந்து வந்திருந்தாலும் தமிழ் சுத்தமாகப் பேசினார். சாம்பிள் ரூமில் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து விசாரித்தார். ஜெயபாண்டி உள்ளே போய் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சுவரில் குழந்தைகளின் ராணுவ உடுப்புகள் வரிசையாகத் தொங்கின.

"நீங்க இன்னும் பயிற்சியிலதான் இருக்கீங்களா?"

தொண்டைவரை 'எஸ் மேடம்' வந்துவிட்டது. முதுகுகூட விறைத்துக்கொண்டது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரிக்கு 'நோ' சொல்வதற்குப் படையில் டிரில் கிடையாது.

"இல்லைம்மா. என் டிரெய்னிங் முடிஞ்சு இருபத்தி நாலு வருசம் ஆச்சு. நாசிக் பீரங்கி சென்டர்ல முடிஞ்சது."

பிறகு மூவாயிரத்தையும் சொன்னார், பென்ஷன் நியாயத்தையும் சொன்னார். தேஜஸ்ரீ எழுதிக்கொண்டே போனார்.

சாயங்காலம் ஆடிட்டர் கிளம்பும்போது கேட் ரூம் வாசலில் நின்றுவிட்டார். வழியனுப்ப வந்த முதலாளியும் அருண்குமாரும் நின்றார்கள். டிரெய்னி என்று போட்டதற்குக் காரணம் என்ன என்று தேஜஸ்ரீ கேட்டார். அருண்குமார் முகத்தில் இரக்கத்தைப் பூசிக்கொண்டு, ஜெயபாண்டியின் இடது பக்கமாக நகர்ந்து நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அவருக்குக் காது கேக்காது. பீரங்கிச் சத்தத்துல போயிடுச்சு, பாவம். நாட்டுக்காகக் குடுத்த காது. நாங்கதான் பாவம் பார்த்து வச்சிருக்கோம். நீங்க ஒண்ணு கேட்டா அவர் ஒண்ணு சொல்லுவாரு. அதை ரெக்கார்டு பண்ணாதீங்க."

ஜெயபாண்டியின் காதில் ஒரு சொல்லும் விழவில்லை. ஆனால் பீரங்கி முழங்கும்போது வாயசைவைப் பார்த்தே உத்தரவைப் புரிந்துகொண்டு சுட்டவர் அவர். அருண்குமாரின் வாய் பெரிய எழுத்தில் அச்சடித்தது போல இருந்தது.

அந்தக் காதுக்காக இரண்டு மனு, மூன்று வருஷம். பீரங்கியால்தான் போச்சு என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை. பனியன் கம்பெனி மேனேஜர் ஒருவர், ஸ்டெதாஸ்கோப் இல்லாமல், நூறு சதவீதம் பணியால் ஏற்பட்டது என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

அவர் உள்ளே போய் டிராயரைத் திறந்து, ஃபைலிலிருந்து லேமினேட் செய்த ஒரு காகிதத்தை எடுத்து வந்து நீட்டினார்.

"படிங்கம்மா. கவர்மெண்டு சீல் இருக்கு."

தேஜஸ்ரீ இங்கிலீஷில் வாய்விட்டுப் படித்துவிட்டுத் தமிழிலும் சொன்னார். "அன்றாட உரையாடலை நன்றாகக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்." பிறகு அருண்குமாரைப் பார்த்து, "மூன்று டாக்டர் கையெழுத்து இருக்கே சார்?" என்றார்.

அருண்குமார் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வானத்தைப் பார்த்தார். மழை வரும் போலிருந்தது.

"என் சம்பாத்தியத்தைக் கெடுத்த பேப்பரும்மா அது" என்றார் ஜெயபாண்டி. "இன்னைக்காவது உபயோகப்படட்டும்."

முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும் என்று பிராண்டுக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது. செய்யாவிட்டால் குழந்தைகளின் ராணுவ உடுப்பு வேறு கம்பெனிக்குப் போய்விடும். ஆர்டர் போவதைவிட மூவாயிரம் போவது மேல் என்று முதலாளிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆகஸ்டு ஏழாம் தேதி ஜெயபாண்டிக்குப் பதினேழாயிரம் ஏறியது. வேல்விழி அந்த மெசேஜை இரண்டு முறை படித்துவிட்டு, "அந்தப் பேப்பருக்கு இப்பத்தான் மொத சம்பளம் வந்திருக்கு" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் வீட்டுக்குக் குடிபோனார்கள். ஃபைலும் வீட்டுக்கு வந்துவிட்டது.

மரியாதை மட்டும் சம்பளம் ஏறிய அன்றைக்கே நின்றுபோனது. அவரைப் பின்பக்கக் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வெட்டுத்துணி மூட்டை போகிற கேட். அங்கே பையர் வர மாட்டார், போட்டோ இல்லை, மெடல் தேவையில்லை. அருண்குமார் கேண்டீன் கோட்டாவைப் பற்றி விசாரிப்பதையும் நிறுத்திக்கொண்டார். மூன்று வருஷம் மூட்டை மூட்டையாகக் கொடுத்த மரியாதைக்கு மொத்த எடையே மாதம் மூவாயிரம்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜெயபாண்டிக்கு அந்த விலை படிந்துவிட்டது.

ஆகஸ்டு பதினாலாம் தேதி மாலை நாலே காலுக்குச் சுப்பையனின் கார் பின்பக்கக் கேட்டுக்கு வந்தது. முதலாளி தானே இறங்கி வந்தார். சுதந்திர தின போட்டோவைப் பிராண்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், முன்னாள் ராணுவ வீரரோடு.

"காலைல எட்டு மணிக்குக் கொடி ஏத்தோணுமுங்க சார். நீங்க இல்லாம நல்லா இருக்காதுங்க."

"வாரேன் முதலாளி. நாளைக்கி லீவு நாளு. டபுள் சம்பளம்தானே?"

சுப்பையன் அடிபட்டவர் போலப் பார்த்தார். "ஏனுங்க சார், கொடிக்குமா காசு கேப்பீங்க?"

"கொடிக்கு இல்ல முதலாளி. சல்யூட் எப்பவும் ஃப்ரீதான். அதுக்கு முன்னாடி நூத்தம்பது சேர் எடுத்துப் போடணும், பந்தல் கட்டணும், அப்புறம் எல்லாத்தையும் உள்ள அடுக்கணும். மூணு வருசமா அதையும் நாட்டுக்குன்னுதான் செஞ்சேன்."

முதலாளி என்னவோ முணுமுணுத்தார். இடது பக்கமாக நின்று முணுமுணுத்ததால் அது விழவில்லை. இந்த முறை ஜெயபாண்டி வாயைப் பார்க்கவும் இல்லை. ரெஜிஸ்டரைத் திறந்து, கார் நம்பர், உள்ளே வந்த நேரம் நாலு பதினஞ்சு என்று நிதானமாக எழுதினார். எழுதி முடித்துக் கோடு போடுகிற வரைக்கும் சுப்பையன் நின்று பார்த்தார். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜெயபாண்டியின் வலது காதுப் பக்கம் நின்றார்.

"செரீங்க" என்றார்.