மாதத்துக்குக் கால் சுற்று

எண்ணெய் அக்காவுக்கு எஞ்சின்களோடு பேசும் வழக்கம் கிடையாது. ரயில் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் சிலர் அந்தப் பழைய நீராவி எஞ்சின்களைக் கண்டதும் நெகிழ்ந்துபோவார்கள். சக்கரத்தைத் தழுவிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் அக்கா கந்தல் துணியோடு வந்து கை பட்ட இடத்தையெல்லாம் துடைப்பார்.

"கை வேர்வை பட்டா நாலே நாள்ல துரு ஏறிடும். பாசம் இருக்கிறவங்க கொஞ்சம் தள்ளி நின்னு காட்டக் கூடாதா" என்பார்.

அவர் படித்தது ஃபிட்டர் வேலை. தண்ணீர் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அது இழுத்து மூடப்பட்ட பிறகு, வேறு வழியில்லாமல் அருங்காட்சியகத்துக்கு வந்தார். தூசி தட்டுகிற வேலைதான் கொடுத்தார்கள். கூடத்தில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எஞ்சின்கள். வேலை செய்கிறவர்கள் வாயில் அவை பெரியது, சின்னது. வந்த புதிதில் பெரியதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சக்கரத்தை இணைக்கும் தண்டின் மேல் ஒரு சின்ன மூடி தட்டுப்பட்டது. எண்ணெய் விடுகிற கிண்ணத்தின் மூடி. ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்தவர்கள் அதன் மேலேயே அடித்து அடித்து, மூடியா தண்டா என்று தெரியாமல் ஆக்கியிருந்தார்கள். அக்கா பொறுமையாகச் சுரண்டித் திறந்தார். உள்ளே எண்ணெய் இல்லை, ஒரு குளவிக்கூடுதான் காய்ந்து கிடந்தது.

ஸ்டோரில் போய் எண்ணெய் கேட்டார்.

"நிக்கிற எஞ்சினுக்கு எதுக்கும்மா எண்ணெய்?" என்றார் ஸ்டோர்க்காரர்.

"நிக்கிறதுக்குத்தான்" என்றார் அக்கா.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். கூடவே அந்தப் பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அவரைவிட வயதில் மூத்த கண்காணிப்பாளர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

கல்யாணம்கூடப் பெரியதின் தயவில் நடந்ததுதான். அதன் முன்விளக்கைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒருநாள் முறிந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அங்கே இருந்த இளைஞர், வந்த பெண்ணைப் பார்த்தாரோ சட்டத்தைப் பார்த்தாரோ, தலைகீழாக ஒட்டிக் கொடுத்துவிட்டார். அக்கா அங்கேயே நின்று, அறுத்து மறுபடி ஒட்ட வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். "வேணும்னுதான் தப்பா ஒட்டினேன், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு" என்று கணவர் பிற்பாடு கதை கட்டினார். "அதெல்லாம் இல்ல, இவருக்கு மேல் எது கீழ் எதுன்னே தெரியல" என்பது அக்காவின் வாக்குமூலம்.

வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. இடுப்பு முறிந்ததிலிருந்து கால்கள் ஒத்துழைப்பதில்லை. நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அக்கா அவரை இடப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, பவுடர் போட்டுவிட்டுப் போவார். மதியம் பட்டறையிலிருந்து மகன் வந்து வலப்பக்கம் திருப்புவார். படுக்கைப்புண் என்று ஒன்று இதுவரை வந்ததில்லை.

"ஒடம்பைத் திருப்புறதுல இவளை அடிச்சுக்க ஆள் இல்ல. அங்க இரும்பைத் திருப்பிப் பழகின கை" என்று பார்க்க வருகிறவர்களிடம் மாமியார் சொல்வார். புகழ்ச்சியா குத்தலா என்று அக்கா ஆராய்ந்ததில்லை.

இரும்பைத் திருப்புவது என்று மாமியார் சொன்னது உண்மையான ஒரு வேலை. எஞ்சினின் மொத்தப் பாரமும் அச்சுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓடுகிறவரை ஒன்றுமில்லை. வருடக்கணக்காக ஒரே நிலையில் நின்றால், அச்சு அழுத்துகிற இடத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும். இரும்பும் இரும்பும் நேராக உரசி நிற்கும். துரு உள்ளே புகுந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் மாதம் ஒருமுறை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை வரும் நாளில், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் மரக்கட்டைகளை எடுத்துவிட்டு, அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, பெரியதைக் கால் சுற்று உருட்டுவார்கள். ஒரு மாதம் முன்னால், அடுத்த மாதம் பின்னால். ஒரு கடப்பாரை அக்காவிடம், இன்னொன்று காவலாளியிடம். துப்புரவு செய்யும் பெண் கட்டையோடு பக்கத்தில் நிற்பார்.

நிற்பார் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் பெரியது லேசில் நகராது. நெம்ப நெம்ப முனகும், விரல் அகலம் போகும், நின்றுவிடும். இப்படியே பார்த்துப் பார்த்து, கட்டை வைப்பது அவசரமில்லாத வேலை என்று எல்லோருக்கும் ஆகிவிட்டது. டீ குடித்த பிறகு வைத்தால்கூடப் போதும்.

ஒரு வருஷம் அக்கா அச்சுகள் உட்காரும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். உள்ளே பழைய கிரீஸ் தார்போல இறுகியிருந்தது. கரண்டியால் வழித்தெடுத்து, கழுவி, எண்ணெயை உறிஞ்சி அச்சுக்கு ஊட்டும் மெத்தைகளைப் புதிதாக வைத்து, நல்ல எண்ணெயாக ஊற்றினார். வாரக்கணக்கில் நடந்த வேலை. கருமை நகக்கண்ணிலிருந்து போவேனா என்றது. முடிந்ததும் வந்த விடுமுறை நாளில் கட்டைகளை எடுத்தார்கள், கடப்பாரையைக் கொடுத்தார்கள், அக்கா "ம்" என்றார், இருவரும் அமுக்கினார்கள்.

பெரியது முனகவில்லை. சக்கரம் உருண்டது. கால் சுற்று முடிந்தது. அதற்கு மேலும் உருண்டது.

கூடத்தின் தரை வாசல் பக்கம் ஒரு நூல் சரிந்திருக்கிறது என்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. மனிதர் நடக்கிற வேகத்தில், வழுக்கிக்கொண்டு, துளிச் சத்தமில்லாமல் அது கிளம்பிப் போயிற்று. துப்புரவுப் பெண் ஜன்னலோரம் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். கட்டை தரையில் கிடந்தது. அக்கா ஓடிப் போய் அதை எடுத்துச் சக்கரத்தின் முன்னால் தள்ளினார். பெரியது அதை ஓரமாக உதறிவிட்டுப் போயிற்று. காவலாளி எஞ்சினுக்கு முன்னால் ஓரமாக ஓடி, கையை நீட்டி, பள்ளி வாசலில் லாரியை நிறுத்துகிறவரைப்போல, "நில்லு, நில்லு" என்றார்.

தண்டவாளம் வாசலில் முடிவதற்குச் சற்று முன்னால், அதன் மேலேயே மரத்தாலான டிக்கெட் கூண்டு இருந்தது. பெரியது அதை மெல்லத் தொட்டு, நாற்காலி, மின்விசிறி, காலண்டர் எல்லாவற்றோடும் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே சாய்த்துவிட்டு நின்றது.

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் வெளியே வந்தார். சாந்தமான மனிதர், சரித்திரம் படித்தவர். குரலை உயர்த்தத் தெரியாதவர். நடந்ததைக் கேட்டார். கூண்டைச் சுற்றி வந்தார். ஒடிந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"யாருக்கும் அடிபடலையே?"

"இல்ல சார்."

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நேத்து இதே நேரம் இங்க ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா நின்னாங்க."

அக்கா தூரத்தில் கிடந்த கட்டையைப் பார்த்தார். கண்காணிப்பாளர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பெரியதை வாடகை வின்ச் வைத்துப் பழைய இடத்துக்கே இழுத்து நிறுத்தி, சக்கரங்களைத் தண்டவாளத்தோடு வெல்டு வைத்துவிட வேண்டும். அருங்காட்சியகத்தின் கேட், கம்பித்தடுப்பு எல்லாமே இரண்டு தெரு தள்ளியிருக்கும் பட்டறைக்குத்தான் போகும். இந்த வேலையும் அங்கேதான் போயிற்று.

"எடுத்துக்கிட்டீங்களா?" என்றார் அக்கா அன்று மாலை.

"நான் இல்லேன்னா இன்னொருத்தன் வந்து ஒட்டுவான். அவன் தலைகீழா ஒட்டினா பரவாயில்லையா?"

அக்கா சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவர் மடிப்பதை நிறுத்தினார். "சக்கரத்தை ஒட்டிட்டா அப்புறம் அது எஞ்சின் இல்லீங்க. செலை. உள்ள அச்சு அரிச்சுப் போறது யாருக்கும் தெரியாது. இன்னைக்கு ஓட்ட வக்கில்ல, சரி. பின்னாடி ஒருத்தன் ஓட்டிப் பாக்கலாம்னு வந்தா, அவனுக்கு நாம எதை விட்டு வெச்சோம்?"

"பிள்ளைங்க மேல ஏறியிருந்தா?"

"அதைத்தான் நானும் நெனச்சு நெனச்சு சாகறேன்."

"அப்புறம் என்ன பேச்சு?"

"தெரியல. ஆனா ஒட்டக் கூடாது."

அதோடு பேச்சு அறுந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீட்டில் செய்திகளெல்லாம் மாமியார் வழியாகப் போய் வந்தன. "அவர் சட்டை காயுதுன்னு சொல்லுங்க அத்தை." "சாவியை எங்க வெச்சாளாம், கேளும்மா." மாமியார் முதலில் இந்தத் தபால் உத்தியோகத்தை ரசித்தார். பிறகு சலித்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா அவரைத் திருப்பிக்கொண்டிருந்தார். மகன் வாசலில் நின்று செருப்பை மாட்டினார். மாமியார் அக்காவின் தோளைப் பிடித்தபடியே குரல் கொடுத்தார்.

"டேய், அந்த மிஷினைக் கொஞ்சம் இங்கயும் எடுத்துட்டு வா."

"எதுக்கும்மா?"

"என்னையும் கட்டிலோட சேத்து ஒட்டிட்டுப் போ. கீழ விழுந்துடுவேன்னு பயம் இருக்காது. இவளுக்கும் திருப்புற வேலை மிச்சம்."

மகன் ஒரு செருப்போடு நின்றார். இன்னொன்றை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று அவர் அளவெடுக்க வந்தபோது அக்கா சின்னதின் அடியில் படுத்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். கணவரின் கால்களை மட்டும் பார்த்தார். கால்கள் பெரியதின் சக்கரத்தருகே போய் நின்றன. பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்தன. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. டேப் இழுபடுகிற சத்தம் வந்தது. அது சக்கரத்தை அளக்கிற சத்தமாக இல்லை. தண்டவாளத்தோடு தரையில் நீளமாகப் போயிற்று. பிறகு திரும்பி வந்தது. அக்கா துடைப்பதை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்.

கால்கள் கண்காணிப்பாளரின் அறைக்குப் போயின. அக்காவும் எழுந்து, கையைத் துடைத்தபடி, கூப்பிடாமலே பின்னால் போய் வாசலில் நின்றார்.

"சார், அது ஓடக் கூடாது. அவ்வளவுதானே வேணும்?" என்று கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான்."

"அப்ப சக்கரத்தை எதுக்கு ஒட்டணும்? முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி இரும்புல தடுப்பு செஞ்சு தரேன். ரெண்டு பக்கமும் போல்ட்டு போட்டு இறுக்கினா, இதைவிடப் பெரிய எஞ்சின் வந்து முட்டினாலும் அசையாது. நடுவுல கால் சுற்றுக்கு மட்டும் இடம் விடறேன். அதுக்கு மேல அது ஆசைப்பட்டாலும் போக முடியாது."

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உத்தரவுல வெல்டுன்னு போட்டிருக்கே."

"வெல்டு வைக்கிற நானே வேண்டாங்கறேன் சார்."

"உங்களுக்கு வீட்டுல நெருக்கடியா?"

"அது தனி. சாப்பாடு வருது, பேச்சு வரல" என்றார் கணவர். "ஆனா இது அதுக்காகச் சொல்லல. ஒட்டினதை எடுக்கறதுன்னா வெட்டித்தான் எடுக்கணும். வெட்டினா சக்கரத்துல காயம் விழும். போல்ட்டைக் கழட்டிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி."

கண்காணிப்பாளர் வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார். வாதாடுகிற உரிமை தனக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. கட்டையைக் கையில் வைத்திருக்கச் சொல்லாமல் "ம்" என்றவர் அவர்தான்.

"நான் மேலிடத்துல பேசறேன்" என்றார் கண்காணிப்பாளர். "ஒத்துக்க வெக்கறது என் பொறுப்பு. ரெண்டு நிபந்தனை. உருட்டுறப்ப வெளிக்கதவு பூட்டியிருக்கணும். நான் கூட நிக்கணும். நான் இல்லாத மாசம் அது நகரக் கூடாது."

"சரி சார்" என்றார் அக்கா. அந்த அறையில் அவர் பேசியது அவ்வளவுதான்.

மேலிடம் இழுத்தடித்தது, விளக்கம் கேட்டது, கடைசியில் ஒத்துக்கொண்டது. பட்டறையில் தடுப்புகள் தயாராயின. கணவர் அவற்றைத் தேவைக்கு இருமடங்கு கனமாகச் செய்திருந்தார். தூக்கிவர நான்கு பேர் வேண்டியிருந்தது. சிவப்பு பெயிண்ட் வேறு. "கல்யாணத்துக்கே இவ்வளவு பண்ணல" என்றார் அக்கா. பேச்சு திரும்ப வந்ததன் முதல் வாக்கியம் அது. கணவர் போல்ட்டை இறுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடுமுறை நாள் வந்தது. வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைக் கண்காணிப்பாளர் பையில் போட்டுக்கொண்டார். துப்புரவுப் பெண் கட்டையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்தபடி, டீ என்ற பேச்சையே எடுக்காமல் நின்றார். காவலாளிக்குத் தோள்பட்டை வலி. அவருடைய கடப்பாரையைக் கணவர் வாங்கிக்கொண்டார். ஆயுசு முழுக்க இரும்பை ஒட்டியவர் இரும்பை உருட்டிப் பார்த்ததில்லை.

"எப்ப அமுக்கணும்?"

"நான் சொல்றப்ப. அவசரப்படாதீங்க. கட்டை எடுத்தாச்சா? தயாரா இருக்கியா?"

"இருக்கேன்க்கா" என்றார் துப்புரவுப் பெண்.

"சார்?"

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு தலையாட்டினார்.

"ம்."

அத்தனை பெரிய உருவம் கடப்பாரை முனையில் இளகிற்று. கணவர் அதை உள்ளங்கையில் உணர்ந்து, "ஐயோ, வருதே" என்றார், ஏதோ தொட்டில் அசைந்துவிட்டதுபோலத் தணிந்த குரலில். சக்கரங்கள் ஒன்றுபோல் உருண்டன. அவற்றைக் கோத்திருந்த தண்டு தாழ்வாகக் கிடந்தது, மெல்ல எழுந்து மேலே வந்தது. சிவப்புத் தடுப்பை முன்சக்கரம் தொட்டது. கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம். பெரியது நின்றது.

அக்கா கட்டையை வாங்கிச் சக்கரத்தடியில் வைத்து, காலால் உதைத்து இறுக்கினார். மறுபக்கம் போய் இன்னொன்றையும் இறுக்கினார். எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து பார்த்தார். மூடினார்.

கண்காணிப்பாளர் இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அக்கா, இப்ப நான் அந்தப் பக்கம் ஒரு தடவை தள்ளிப் பாக்கலாமா?"

"அடுத்த மாசம் சார்" என்றார் அக்கா.